உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஏரி

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் தேக்கடி முதலில் ஓர் எண்ணாகத்தான் அறிமுகமாகும். பெரியாறு அணையில் இன்றைக்கு எத்தனை அடி? தேனிப் பக்கத்து நாளிதழ்களில் அது தினமும் வரும். டீக்கடையில் பேப்பரை விரிப்பவர் அரசியல் செய்திக்கு முன்னால் அதைத்தான் தேடுவார். "நூத்திப் பதினெட்டு" என்று அவர் வாசித்தால், எதிர் பெஞ்சில் இருப்பவர் "மொதப் போகத்துக்குக் காணும்" என்பார். நாற்றுப் பாவலாமா, பொறுக்கலாமா என்பது அந்த ரெண்டு வார்த்தையில் முடிவாகிவிடும். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் மலைக்கு மேலே ஓர் ஏரி விரிந்து கிடக்கிறது, அதில் படகு ஓடுகிறது, அதன் கரையில் யானை மேய்கிறது என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனார்கள்; பொங்கல் லீவில் வீட்டோடு கிளம்பினோம்.

நான் சொல்வது எண்பதுகளின் தேக்கடி. கம்பத்தில் பஸ் ஏறினால் கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கும். சரிவில் பெரிய பெரிய இரும்புக் குழாய்கள் இறங்கி வருவதைக் காட்டி, "இந்தா பாரு, இதுலதான் நம்ம தண்ணி வருது" என்று அப்பா சொல்வார். குமுளியில் இறங்கினால் ஏலக்காய் வாசம் அடிக்கும். அங்கிருந்து படகுத்துறைக்குக் காட்டு வழியில் நாலு கிலோமீட்டர். ஜீப்பில் நெருக்கியடித்துப் போகலாம், நடந்தும் போகலாம். காரும் வேனும் தண்ணீர்க் கரை வரைக்கும் போகும். அத்தை தூக்குவாளி நிறையப் புளிச்சோறும் அவித்த முட்டையும் கொண்டு வந்திருப்பார். மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, மிச்சத்தைக் குரங்குக்கு வீசுவார்கள். இலையும் காகிதமும் பாலித்தீன் பையும் அங்கேயே கிடக்கும். அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

படகில் மேல்தளத்துக்குத்தான் போட்டி. மேலே ஏறியவர்கள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார்கள். இளவட்டங்கள் விசிலடிப்பார்கள். யாராவது ஒருவர் டேப்ரிக்கார்டர் தூக்கி வந்திருப்பார். "அங்கிட்டுப் பாரு, யானை!" என்று ஒரு குரல் கிளம்பினால் போதும், இருந்தவர் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். படகு சாயும். "எல்லாரும் ஒரு சைடு வராதீங்க, இரிக்கு, இரிக்கு" என்று படகோட்டி மலையாளமும் தமிழுமாகக் கத்துவார். கரையில் நிற்கும் மூத்த பெண் யானை துதிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் மோந்து பார்க்கும். பிறகு திரும்பும். மற்ற யானைகள் குட்டியை நடுவில் விட்டு அதன் பின்னாலேயே காட்டுக்குள் நுழைந்துவிடும். நாங்கள் கை தட்டுவோம். யானை பார்த்தாகிவிட்டது என்று ஊர் திரும்புவோம். நினைத்துப் பார்த்தால், அந்த வருடங்களில் நாங்கள் கண்டது எல்லாம் திரும்பிப் போகிற யானைகளைத்தான்.

என் வயதுக்காரர்கள் கூடினால் இன்றைக்கும் இந்தப் பேச்சு வரும். "அந்தத் தேக்கடி இப்ப இல்லப்பா. நெனச்சா கிளம்பினோம், நெனச்ச எடத்துல ஒக்காந்தோம். இப்ப எதுக்கெடுத்தாலும் சீட்டு, எங்க போனாலும் கயிறு" என்பார்கள். அந்தப் பேச்சோடு என்னால் சேர முடிவதில்லை. இன்றைய தேக்கடிதான் மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் காரணம் 45 உயிர்கள். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி மாலை, 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்தது. சேவைக்கு வந்து அதிக நாள் ஆகாத படகு. கரையில் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது அது சாய்ந்து புரண்டது. லைஃப் ஜாக்கெட் யாரும் போட்டிருக்கவில்லை. பல மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், குழந்தைகள் உட்பட, தண்ணீரில் போனார்கள். அன்றிரவு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் பள்ளத்தாக்கு வீடுகளில் அது வேற்றூர்ச் செய்தியாக இல்லை. அந்த மேல்தளத்தில் நாங்கள் எல்லோரும் நின்றிருக்கிறோம். அந்தப் பக்கம் ஓடியிருக்கிறோம். படகோட்டி 'இரிக்கு' என்று கத்தியதைக் கேட்டிருக்கிறோம். எங்கள் காலத்தில் நடக்காதது, அவர்கள் காலத்தில் நடந்துவிட்டது. இடையில் இருந்தது அதிர்ஷ்டம் மட்டும்தான். ஒரு மலையேரியில் உல்லாசத்தை அதிர்ஷ்டத்தின் பொறுப்பில் விடக் கூடாது என்பதை இதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது தனியார் வண்டிகள் வெளியே நின்றுவிடுகின்றன. வனத்துறை பஸ்ஸில் ஏறித்தான் படகுத்துறைக்குப் போக வேண்டும். முன்பதிவு உண்டு, அடையாள அட்டை கேட்பார்கள். ஏறியதும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். பட்டையை இழுத்து மாட்டியிருக்கிறோமா என்று பார்த்த பிறகுதான் படகு கிளம்பும். கொடுத்த இருக்கையில் உட்கார வேண்டும், நடுவில் எழுந்தால் உட்காரச் சொல்வார்கள். காலை ஏழரைக்குப் போகிற முதல் படகில் போனால், தண்ணீருக்கு மேல் பனி இன்னும் விலகியிருக்காது. கூட்டமாக இருந்தாலும் பேச்சுச் சத்தம் குறைவு. எழுந்து ஓட முடியாது என்று தெரிந்ததும் மனிதர்கள் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இதை நான் திரும்பத் திரும்பக் கவனித்திருக்கிறேன்.

தண்ணீருக்கு நடுவே நிற்கும் பட்ட மரங்களில் பாம்புத்தாரா உட்கார்ந்து, இரண்டு இறக்கையையும் முழுக்க விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். அதன் இறகில் நீர் ஊறும். ஊறுவதால்தான் ஆழத்துக்கு மூழ்கி மீனைக் குத்திப் பிடிக்க முடிகிறது. அதனாலேயே வெளியே வந்ததும் வெயிலில் நின்றாக வேண்டும். எண்பதுகளில் அதே மரங்களைக் கடந்துதான் போனோம். அப்போது யானைக்காக மட்டும் கண்ணை வைத்திருந்ததால், அந்தப் பறவை இருந்ததாக எங்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

அந்த மரங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தது மூங்கில் தெப்பத்தில். படகுச் சுற்றுலாவுக்கு அப்பால் இன்று தேக்கடியில் உள்ள மிக நல்ல ஏற்பாடு இதுதான் என்பேன். காலையில் புறப்பட்டுக் காட்டுக்குள் நடந்து, நடுவில் தெப்பம் ஏறி ஏரியின் உட்கைகளில் துடுப்புப் போட்டு, மறுபடி நடந்து மாலையில் திரும்புவது. சின்னக் குழுவுக்குத்தான் அனுமதி. கூட வழிகாட்டிகளும் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும் வருவார்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டு வரக் கூடாது. கிளம்பும்போது முழங்கால் வரை ஏறும் துணியுறை ஒன்று தருவார்கள், அட்டைக்காக. மழைக்காலத்தில் அந்த உறையின் மேல் அட்டைகள் எழும்பி எழும்பி நகர்வதைப் பார்க்கலாம். உறையின் நெசவு நெருக்கம், வாயை உள்ளே விட முடியாமல் மேலே மேலே ஏறும். அடிக்கடி குனிந்து சுண்டி விட வேண்டும்.

தெப்பத்தில் எஞ்சின் இல்லை. துடுப்பு நீரில் இறங்குகிற சத்தம் மட்டும்தான். ஒரு திருப்பத்தில் கரையில் யானைக் கூட்டம் நின்றது. எங்கள் வழிகாட்டி துடுப்பை எடுத்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதீங்கண்ணே" என்றார், உதட்டைக்கூட அதிகம் அசைக்காமல். "காதாட்டுறத நிறுத்திருச்சு பாருங்க. நம்மளத்தான் கேக்குது."

பார்த்தேன். பெரிய யானையின் காது பாதி விரிந்து அப்படியே நின்றிருந்தது. துதிக்கையில் சுருட்டிய புல் வாய்க்குப் போகவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தோமோ, பிறகு காது மறுபடி ஆடத் தொடங்கியது. புல்லைக் காலில் தட்டி மண்ணை உதறி வாயில் போட்டது. குட்டி தாயின் வயிற்றுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. "இப்பச் சரி" என்றார் வழிகாட்டி. எங்களைப் பார்த்த பிறகும் ஒரு யானைக்கூட்டம் போகாமல் மேய்ந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

அந்த வழிகாட்டிகளில் பலர் இந்தக் காட்டோடு பிறந்தவர்கள். மன்னான், பளியர் சமூகத்தார் குமுளிக்குப் பக்கத்துக் குடிகளிலிருந்து வருகிறார்கள். மன்னான் சமூகத்தார் இன்றும் அனுமதியோடு இந்த ஏரியில் மூங்கில் தெப்பம் ஏறி வலை போடுகிறார்கள். வேறு சிலருடைய கதை இன்னும் முக்கியமானது. 1996இல் தொடங்கி 2004 வரை உலக வங்கி உதவியோடு இங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. அந்தக் காலத்தில், வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை வனத்துறை அழைத்துப் பேசி, குழுவாகச் சேர்த்து, வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கியது. எந்தப் பாதையில் திருட்டு நடக்கும், எந்த ஓடையோரத்தில் யானை இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு அதிகாரிகளுக்குத் தெரியாது. அந்த அறிவு வேலையாக மாறியது. பார்க்க வருகிறவர் கொடுக்கும் பணம் காட்டைக் காப்பவரின் வீட்டுக்குப் போகிறது. எண்பதுகளில் எங்கள் பஸ் கட்டணமும் படகு சீட்டும் காட்டுக்குள் வாழ்ந்தவர் யாருடைய அடுப்பையும் எரியச் செய்திருக்காது.

அன்று வழிகாட்டி சொன்ன இன்னொரு செய்தி என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. கரையில் பச்சையாக ஒரு பட்டை ஓடுவதைக் காட்டினார். காட்டின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே வெறும் புல்வெளி.

"போன மாசம் இதெல்லாம் தண்ணிக்குள்ள இருந்துச்சுண்ணே. ஒங்க ஊருக்குத் தண்ணி போகப் போகத்தான் இங்க புல்லு வரும். அதுக்குத்தான் யானை எறங்குது."

அணை மட்டம் இறங்கினால் வண்டல் படிந்த கரை வெளியே வருகிறது. ஈரம் உள்ள அந்த மண்ணில் இளம்புல் முளைக்கிறது. யானையும் கடமானும் காட்டெருமையும் அதைத் தேடி வருகின்றன. மார்ச், ஏப்ரலில் தேக்கடியில் யானை அதிகம் தெரிவது இதனால்தான். மழை கொட்டி மட்டம் ஏறினால் புல்வெளி மூழ்கும், விலங்குகள் உள்ளே போய்விடும், பயணிகள் வெறுங்கையோடு திரும்புவார்கள். எங்கள் டீக்கடையில் 'நூத்திப் பதினெட்டு' என்று வாசிக்கும் எண்ணும், தெப்பத்தில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு யானை தெரிவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். கூடலூரிலும் கம்பத்திலும் நெற்பயிர் நிமிர்கிற மாதங்களில், மலை மேல் இந்தக் கரை பச்சை பிடிக்கிறது. இத்தனை வருடம் அந்த எண்ணைச் சொல்லியே வளர்ந்த எங்களுக்கு இது தெரியாமல் போனதற்கு, ஏரியைப் பார்க்கப் போய்விட்டுப் படகை மட்டும் பார்த்துவிட்டு வந்ததுதான் காரணம்.

பட்ட மரங்களுக்கு வருகிறேன். தெப்பம் ஒன்றை உரசாத குறையாகக் கடந்தது. மேல்பக்கம் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது. தண்ணீர் ஏறி இறங்கிய மட்டங்கள் கறுப்பு வளையங்களாக ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. வெடிப்பில் ஏதோ விதை விழுந்து சின்னச் செடி முளைத்திருந்தது. 1895இல் அணை முடிந்து தண்ணீர் நின்றபோது மூழ்கிய காட்டின் மரங்கள் இவை. திருவிதாங்கூர் மன்னர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான ஒப்பந்தம் 8,000 ஏக்கரை 999 ஆண்டுக் குத்தகைக்குத் தந்தது. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே வறண்ட சீமைக்குத் திருப்புவதுதான் திட்டம். ஜான் பென்னிகுக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் கல்லுமாக 1,200 அடி நீள அணை எழுந்தது. காய்ச்சலிலும் காலராவிலும் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அணைக்குப் பக்கத்தில் அவர்களில் சிலரின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. பென்னிகுக்கின் படம் எங்கள் ஊர்க் கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஜனவரி 15இல் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். அந்த நன்றி நியாயமானது. கூடவே, பெயர் தெரியாமல் காட்டில் செத்தவர்களுக்கும் மூழ்கிப் போன காட்டுக்கும் ஒரு நினைவு வேண்டும் என்பது என் ஆசை. பட்ட மரத்தைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் கடந்தவர்களுக்கு அந்த ஆசை தானாக வரும்.

ஏரி உருவானதும் மனிதர் அதைத் தேடி வந்த விதங்கள் மாறிக்கொண்டே இருந்தன. இடப்பாளையத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பம் கோடை மாளிகை ஒன்றைக் கட்டியது. அது இன்று ஏரி நடுவே தங்கும் விடுதி. அதே அரசாட்சியில் 1934இல் இந்தக் காடு விலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1950இல் அது விரிந்தது. 1978இல் புலிகள் காப்பகமானது. இன்று 925 சதுர கிலோமீட்டர். வயலுக்காகத் தேக்கிய தண்ணீர் ஒரு பெருங்காட்டுக்குக் காவலாகவும் அமைந்தது, தண்ணீர் வேண்டியவர்களும் காட்டை விரும்பியவர்களும் சேர்ந்து யோசித்து நடந்ததல்ல. நடந்தது. நாம் அதை இனியாவது சேர்த்து யோசிக்க வேண்டும்.

அணையைப் பற்றித் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் நடக்கும் சண்டையையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. 152 அடி நின்ற மட்டம் 1979க்குப் பிறகு 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. அந்த வருடம் நவம்பரில் தண்ணீர் 142ஐத் தொட்டபோது பள்ளத்தாக்கில் வெடி வெடித்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 2011 டிசம்பரில், குமுளி எல்லையில் கலவரம் மூண்டு போக்குவரத்து நின்றது. ஏலத் தோட்டங்களுக்குத் தினமும் ஜீப்பில் போய் வந்த எங்கள் ஊர்ப் பெண்கள் வேலையிழந்து வீட்டில் இருந்தார்கள். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் ஆற்றோரம் குடியிருப்பவருக்கு அணை உடைந்துவிடுமோ என்கிற தூக்கமில்லாத பயம், கம்பத்தில் நாற்று விட்டவருக்குத் தண்ணீர் வருமா என்கிற பயம். இரண்டும் உண்மையான பயங்கள். தண்ணீரின் மேல் எங்களுக்கு உள்ள உரிமையை நான் ஒரு சொட்டுக்கூட விட்டுத்தர மாட்டேன். ஆனால் அந்த ஏரியை நேரில், அமைதியாக, ஒரு பகல் முழுக்கப் பார்த்தவன் எதிர்ப்பக்கத்து மனிதரை எதிரியாகப் பேசுவது கடினம். தெப்பத்தில் எனக்குத் துடுப்புப் போட்டவர் அந்தப் பக்கத்து மனிதர்தான். எங்கள் ஊருக்குத் தண்ணீர் போவதைச் சந்தோஷமாகச் சொன்னவரும் அவர்தான்.

இன்றைய தேக்கடியில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. குமுளியில் காட்டின் விளிம்பு வரைக்கும் விடுதிகள் நெருங்கிவிட்டன. சனி, ஞாயிறு படகு சீட்டுக்கு வரிசை நீளும். வாசலில் பாலித்தீனைப் பறித்து வைத்தாலும், குமுளி மலைச் சாலையோரம் பாட்டிலும் உறையும் கிடக்கின்றன. எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது கட்டணம். தெப்பப் பயணத்தின் செலவு கூடலூரில் நாற்று நடும் ஒரு பெண்ணின் பல நாள் கூலி. அந்தத் தண்ணீரில் காலை ஊன்றி நின்று வேலை செய்கிறவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வழியில்லை. எண்பதுகளின் தேக்கடியில் நான் உண்மையாகவே இழந்ததாக நினைப்பது இது ஒன்றைத்தான். தூக்குவாளியோடு யாரும் போக முடிந்தது. கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்கிறவர்கள், அது ஏழையை மட்டும் வெளியே நிறுத்துகிற கட்டுப்பாடாக ஆகாமல் பார்த்துக்கொள்ளவும் கடமைப்பட்டவர்கள்.

இதற்கு நான் கேட்பது பெரிதல்ல. கூட்டம் குறைந்த வார நாட்களில், மாதத்துக்கு ஒரு காலைப் படகைத் தேனி மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடுக்கி மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். கட்டணம் இல்லாமல். தனித்தனிப் படகில் அனுப்பக் கூடாது, ஒரே படகில் உட்கார வைக்க வேண்டும். மன்னான் குடியிலிருந்து ஒரு வழிகாட்டி ஏறி, பாம்புத்தாராவையும் பட்ட மரத்தையும் கரையில் ஏறும் புல்லையும் காட்டிச் சொல்லட்டும். இரண்டு மாநிலத்து வனத்துறையும் கல்வித்துறையும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இது. இன்னும் பத்து இருபது வருடத்தில் இந்த அணையைப் பற்றி முடிவெடுக்கப் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். அவர்கள் இந்த ஏரியைப் பார்த்திருக்க வேண்டும்.